பாதிரியார் போட்ட கேள்வித்தாள்

கொஞ்சம் நீளமான பதிவு. ரெண்டு தரப்புக்கும் பிடிக்காது என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். "வெளிநாட்டுப் பாடப்புத்தகத்துல இந்து மதத்தைக் கேவலப்படுத்துறாங்க" என்று வாட்ஸப்பில் வாரம் ஒரு ஃபார்வர்டு அனுப்புகிறவர்களும் திட்டுவார்கள். "அதெல்லாம் சும்மா பார்ப்பன ஜல்லி" என்று ஒரே வரியில் கடையைச் சாத்துகிறவர்களும் திட்டுவார்கள். ஆட்டோ அனுப்புவதாக இருந்தால் முழுசாகப் படித்துவிட்டு அனுப்பவும் :-)

டீகாலனைசேஷன் என்ற சொல் இப்போது எங்கே பார்த்தாலும் அடிபடுகிறது. தமிழில் காலனிய நீக்கம். வெள்ளைக்காரன் போய்விட்டான், அவன் மாட்டிவிட்ட மூக்குக்கண்ணாடி இன்னும் நம் முகத்தில் இருக்கிறது, அதைக் கழற்று என்பதுதான் சாரம். இதை இந்து சிந்தனை மரபுக்கும் பொருத்திப் பேசுகிறார்கள். பேச வேண்டியதுதான். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பள்ளிக்கூடப் புத்தகத்திலிருந்து பல்கலைக்கழகத் துறை வரைக்கும் இந்த மரபுக்குப் பெரிய அநியாயம் நடந்திருக்கிறது என்பதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. என் சண்டை வேறு. எங்கே அடிபட்டது என்று கேட்டால் நம்ம ஆட்கள் தப்பான இடத்தைக் காட்டுகிறார்கள். மானம் போச்சு என்று கத்துகிறார்கள். பறிபோனது வாதம். ஆயிரத்தைந்நூறு வருஷமாக ஒருவரை ஒருவர் மறுத்து, திருப்பி மறுத்து எழுதப்பட்ட வாதங்கள் மொத்தமும் பாடத்திட்டத்திலிருந்து காணாமல் போயிருக்கின்றன. அதைத் திருப்பிக் கேட்பதற்கு ஆளைக் காணோம்.

கலிபோர்னியா கதை பழைய ஆட்களுக்கு நினைவிருக்கும். 2005ல் அந்த மாநிலத்தில் ஆறாம் வகுப்புச் சமூக அறிவியல் புத்தகங்களைத் தேர்ந்தெடுக்கும் வேலை நடந்தது. பண்டைய நாகரிகங்கள் எல்லாம் அந்த வகுப்பில்தான் வரும். பொதுமக்கள் திருத்தம் சொல்லலாம் என்பது அங்கே நடைமுறை. வேதிக் ஃபவுண்டேஷன், ஹிந்து எஜுகேஷன் ஃபவுண்டேஷன் என்று இரண்டு அமைப்புகள் நீளமான திருத்தப் பட்டியல் கொடுத்தன. நவம்பரில் ஹார்வர்ட் சமஸ்கிருதப் பேராசிரியர் மைக்கேல் விட்ஸல் வேறு பல ஆய்வாளர்களையும் சேர்த்துக்கொண்டு எதிர்ப்புக் கடிதம் அனுப்பினார். அப்புறம் கேட்கணுமா? தலித் அமைப்புகள் ஒரு பக்கம், இந்து அமைப்புகள் ஒரு பக்கம், நடுவில் ஒன்றும் புரியாத வாரிய உறுப்பினர்கள். 2006 மார்ச்சில் மாநிலக் கல்வி வாரியம் சர்ச்சைக்குரிய திருத்தங்களில் பெரும்பாலானவற்றைத் தள்ளிவிட்டது. கோர்ட்டுக்கும் போனார்கள். பத்து வருஷம் கழித்து 2016ல் புதுப் பாடத்திட்ட வரைவு வந்தபோது அதே படம் மறுபடி ஓடியது. இந்தியா என்று போடுவதா, தெற்காசியா என்று போடுவதா, சாதியை எந்த வார்த்தையில் எழுதுவது என்று.

அந்தப் புத்தகங்கள் யோக்கியம் என்று நான் சொல்லவில்லை. ஒன்றில், ராமாயணம் சொல்லும் இடத்திலெல்லாம் அனுமன் வந்துவிடுவார் என்ற நம்பிக்கையை எழுதிவிட்டு, சுத்திப் பாருங்க, குரங்கு ஏதாச்சும் தெரியுதா என்கிற தொனியில் பிள்ளைகளைக் கேட்டிருந்தார்கள். வகுப்பில் ஒரே ஒரு இந்துப் பிள்ளை இருந்தால் மற்ற எல்லாரும் யாரைத் திரும்பிப் பார்ப்பார்கள்? அந்த வரியை எடு என்று கேட்டது நூற்றுக்கு நூறு நியாயம்.

ஆனால் பட்டியலில் வேறு என்னென்ன இருந்தது? பல கடவுள்கள் என்று வருகிற இடத்தில், ஒரே கடவுளின் பல வடிவங்கள் என்கிற மாதிரி மாற்று. ஆண்களுக்குப் பெண்களை விட உரிமை அதிகம் இருந்தது என்பதை, இருவருக்கும் வேறு வேறு கடமைகளும் உரிமைகளும் இருந்தன என்று மாற்று. சாதி வருகிற இடத்தில் சுருதியைக் குறை.

இதில் எதுங்க காலனிய நீக்கம்?

உனக்குக் கடவுள் ஒன்றா, பலவா? உன் புனித நூல் எது? உன் நம்பிக்கையை நாலு வரியில் சொல். இந்தக் கேள்விகளைப் போட்டது பத்தொன்பதாம் நூற்றாண்டுப் புராட்டஸ்டண்ட் பாதிரியார். பல கடவுள் என்றால் மட்டம், ஒரு கடவுள் என்றால் உசத்தி என்பது அவர் போட்ட மார்க். அவர் போய் எத்தனையோ காலமாச்சு. அவர் கேள்வித்தாளை வைத்துக்கொண்டு சாக்ரமெண்டோவில் போய் உட்கார்ந்து, "சார், எங்களுக்கும் ஒரே கடவுள்தான் சார், நல்ல மார்க் போடுங்க சார்" என்று பரீட்சை எழுதியிருக்கிறார்கள். அதற்குப் பெயர் தன்மானப் போராட்டமாம்.

சரி, ஒரே கடவுள் என்றே வைத்துக்கொள்வோம். அப்படியென்றால் குமாரில பட்டரை எங்கே உட்கார வைப்பீர்கள்? வேதம் யாராலும் செய்யப்படாதது என்று அதற்காகவே வாழ்ந்த மீமாம்சகர். அதே மனுஷன், உலகத்தைப் படைத்த கடவுள் என்று ஒருவர் இருக்க முடியாது என்று வரிசையாகக் காரணம் அடுக்குகிறார். படைப்பதற்கு முன்னால் உடம்பு உண்டா இல்லையா, என்ன ஆசைக்காகப் படைத்தார், இத்தனை துன்பத்தை ஏன் படைத்தார் என்று. வேதத்துக்குக் காவல் நிற்கும் நாத்திகர்! இந்த ஒரு ஆளை ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு அறிமுகப்படுத்தினால் போதும், மதம் என்றால் இப்படித்தான் இருக்கும் என்ற அமெரிக்கப் பிள்ளையின் அச்சே உடைந்துவிடும். சாங்கியத்தின் பழைய நூல்களிலும் ஈசுவரனுக்கு வேலை கிடையாது. இவர்களையெல்லாம் ஓரங்கட்டிவிட்டு, வேதாந்தம் மாதிரி இருக்கிற ஏதோ ஒன்றைக் கரைத்து, ஒரே கடவுள் என்று பாட்டிலில் அடைத்துக் கொடுத்தால் அது யாருக்குச் செய்கிற மரியாதை?

இதைச் சொல்ல இடதுசாரி ஆள் யாரும் வேண்டாம். பெல்ஜியத்தில் கெண்ட் பல்கலைக்கழகத்தில் இருந்த பாலகங்காதரா 1994லேயே 'தி ஹீத்தன் இன் ஹிஸ் பிளைண்ட்னஸ்' என்ற தடிமனான புத்தகத்தில் எழுதிவிட்டார். எல்லாப் பண்பாட்டிலும் மதம் இருந்தே தீரும் என்ற எண்ணமே கிறிஸ்தவ இறையியலிலிருந்து வந்தது, அந்த அச்சில் ஊற்றித்தான் இந்து மதம் என்ற உருவத்தை எடுத்தார்கள் என்பது அவர் வாதம். அதோடு முழுக்க உடன்படாவிட்டாலும் பதில் சொல்லியாக வேண்டிய வாதம். வேடிக்கை என்னவென்றால், மேடையில் அவர் பெயரைச் சொல்லிக் கைத்தட்டு வாங்கும் கூட்டம்தான், பாடப்புத்தகம் என்று வந்ததும் அதே அச்சில் தன்னைத் தானே ஊற்றிக்கொள்கிறது.

இப்போது மறுபக்கம். உண்மையான திருட்டு எங்கே நடந்தது?

பதினெட்டாம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் எழுதப்பட்ட தத்துவ வரலாறுகளை எடுத்துப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். புரூக்கர் 1742 தொடங்கி எழுதிய பெரிய லத்தீன் வரலாறு கிரேக்கத்தில் ஆரம்பிக்கவில்லை. எகிப்தியர், கல்தேயர், பாரசீகர், இந்தியர் எல்லாருக்கும் அதில் இடம் உண்டு. தகவல் அரைகுறைதான், மதிப்பும் பெரிசாக இல்லை, ஆனால் பெயர் பட்டியலில் இருந்தது. தத்துவம் கிரேக்கத்தில்தான் பிறந்தது, மற்றவர்களிடம் இருப்பது மதம் என்ற முடிவு அதற்கப்புறம் எடுக்கப்பட்டது. பீட்டர் பார்க் என்ற ஆய்வாளர் 2013ல் ஒரு புத்தகம் எழுதினார். 1780க்கும் 1830க்கும் நடுவில் ஜெர்மனியில் எந்தெந்தப் பேராசிரியர் எந்தெந்தப் பாடநூலில் ஆசியாவையும் ஆப்பிரிக்காவையும் வெட்டினார் என்று ஒவ்வொன்றாகக் காட்டுகிறார். இனம் பற்றிய அப்போதைய கருத்துகள் அதில் என்ன வேலை செய்தன என்றும் காட்டுகிறார்.

கடைசி ஆணி ஹெகல். அவருக்குத் தெரியாமல் இல்லை என்பதுதான் கொடுமை. நியாயம், வைசேஷிகம், சாங்கியம் பற்றியெல்லாம் கோல்புரூக் 1820களில் லண்டனில் ஆங்கிலத்தில் கட்டுரை வாசித்திருந்தார். ஹெகல் அதைப் படித்தார். கீதை பற்றி ஹும்போல்ட் எழுதியதற்கு 1827ல் நீள மதிப்புரை எழுதினார். எல்லாம் தெரிந்துகொண்டு, இவர்களிடம் ஏதோ இருக்கிறது, ஆனால் அது இன்னும் மதத்தை விட்டுப் பிரியவில்லை, ஆகவே அசல் தத்துவம் கிரேக்கத்தில்தான் என்று பெர்லின் வகுப்பறையில் தீர்ப்பு எழுதிவிட்டார். இருநூறு வருஷமாகத் துறைகள் அந்தத் தீர்ப்பின்படிதான் கட்டப்பட்டிருக்கின்றன. மேல்முறையீடு கிடையாது.

ஆங்கிலேயர் பக்கம் ஜேம்ஸ் மில். 1817ல் பிரிட்டிஷ் இந்தியாவின் வரலாறு வெளியிட்டார். இந்தியாவை எட்டிப் பார்த்ததில்லை, இந்திய மொழி ஒன்றும் தெரியாது. தெரியாததே நடுநிலைக்கு நல்லது என்று முன்னுரையில் வாதம் வேறு. (நம்ம ஊரில் படம் பார்க்காமல் விமர்சனம் எழுதுகிறவர்களுக்கு இவர்தான் குலதெய்வம்.) ரெண்டு வருஷத்தில் கம்பெனியிலேயே வேலை கிடைத்தது. இந்தியாவுக்கு அனுப்பப்படும் பிள்ளைகளைத் தயார் செய்த ஹெய்லிபரி கல்லூரியில் அந்தப் புத்தகம் பாடமாக ஓடியது. இந்து காலம், முஸ்லிம் காலம், பிரிட்டிஷ் காலம் என்று வரலாற்றை மூன்றாக நறுக்கியது அவர்தான். இன்றைக்கு அவரைத் திட்டுகிற நம் தேசபக்தர்கள் பலர் அந்த மூன்று துண்டையும் பத்திரமாக வைத்துக்கொண்டிருக்கிறார்கள். எது நல்ல துண்டு, எது கெட்ட துண்டு என்பதை மட்டும் மாற்றிப் போட்டுக்கொண்டார்கள்.

விளைவு என்ன? ஒரு உதாரணம் மட்டும் விரிவாகச் சொல்கிறேன், இதுதான் என்னை ரொம்ப நாளாக அரித்துக்கொண்டிருக்கும் விஷயம்.

1963ல் எட்மண்ட் கெட்டியர் என்ற அமெரிக்கர் மூன்றே பக்கத்தில் ஒரு கட்டுரை எழுதினார். ஒன்றை நம்புகிறோம், அது உண்மையாகவும் இருக்கிறது, நம்புவதற்குத் தக்க காரணமும் இருக்கிறது. இந்த மூன்றும் இருந்தால் அதை அறிவு என்று சொல்லலாம் என்று அதுவரை நினைத்துக்கொண்டிருந்தார்கள். மூன்றும் இருந்தும் அறிவு என்று சொல்ல முடியாத உதாரணங்களைக் கெட்டியர் காட்டினார். மேற்கில் தத்துவம் படிக்கப் போகும் எந்தப் பிள்ளையும் அறிவைப் பற்றிய பாடத்தில் இதைத் தாண்டாமல் போக முடியாது. அதற்குப் பதிலாக எழுதப்பட்ட கட்டுரைகளை அடுக்கினால் ஒரு அலமாரி நிறையும்.

எட்டாம் நூற்றாண்டில் காஷ்மீரில் தர்மோத்தரர் என்ற பௌத்தர் எழுதியதைப் பாருங்கள். ஒருத்தன் கறி சுட நெருப்பு மூட்டுகிறான். புகை இன்னும் கிளம்பவில்லை. வாசனைக்குப் பூச்சிகள் மொத்தமாக மேலே மொய்க்கின்றன. தூரத்திலிருந்து பார்க்கிறவன் அதைப் புகை என்று நினைத்து, அங்கே நெருப்பு இருக்கிறது என்று முடிவு கட்டுகிறான். நெருப்பு இருக்கவும் இருக்கிறது. அவனுக்கு நெருப்பு இருப்பது தெரியும் என்று சொல்லலாமா? பன்னிரண்டாம் நூற்றாண்டில் வேதாந்தி ஸ்ரீஹர்ஷர் இன்னொரு பக்கத்திலிருந்து வருகிறார். சூதாடி ஒருவன் கையை மூடிக்கொண்டு, உள்ளே எத்தனை சோழி என்று கேட்கிறான். எதிராளி குத்துமதிப்பாக அஞ்சு என்கிறான். திறந்து பார்த்தால் அஞ்சு. இது அறிவா? உண்மையான உணர்வுதான் அறிவு என்று வரையறை சொன்ன நையாயிகர்களை அடிப்பதற்காக அவர் வீசிய கல் இது. அவர்களும் சும்மா இல்லை. அந்த உணர்வை உண்டாக்கிய காரணங்களில் என்ன குணம், என்ன தோஷம் என்று நோண்டிக்கொண்டே போனார்கள். பதினாலாம் நூற்றாண்டில் மிதிலையில் கங்கேசர் எழுதிய தத்துவ சிந்தாமணி அந்த வேலையின் உச்சம். அதன் மேல் நவத்வீபத்தில் ஒரு தனி உலகமே கிளம்பியது.

கெட்டியருக்கு முன்னாலேயே நாங்க சொல்லிட்டோம் என்று இதையும் ஃபார்வர்டு ஆக்கிவிடாதீர்கள், புண்ணியமாகப் போகும். யார் முதலில் என்பது இங்கே பேச்சே இல்லை. ஒரே சிக்கலில் இரண்டு கூட்டம் தனித்தனியாக மாட்டிக்கொண்டு வேறு வேறு வழியில் வெளியே வர முயற்சி செய்திருக்கிறது. அப்படி இருக்கும்போது ஒரு கூட்டத்தின் வேலை தத்துவத் துறையில் இருக்கிறது, இன்னொன்று சமய ஆய்வுத் துறையில், சடங்குக்கும் கோயில் திருவிழாவுக்கும் பக்கத்து அறையில் கிடக்கிறது. ஏன்?

ஆக்ஸ்போர்டையே எடுத்துக்கொள்ளுங்கள். 1936ல் உருவான ஸ்பால்டிங் பேராசிரியர் பதவிக்கு முதலில் வந்தவர் ராதாகிருஷ்ணன். 1976லிருந்து 1991ல் இறக்கும் வரை அதில் இருந்தவர் விமல் கிருஷ்ண மதிலால். கல்கத்தாவில் நியாய சாஸ்திரத்தை முறையாகப் படித்துவிட்டு, ஹார்வர்டில் குவைன் இருந்த காலத்தில் போய் நவீனத் தர்க்கத்தையும் படித்த ஆள். புலன் அறிவு பற்றி அவர் 1986ல் எழுதிய புத்தகம் முழுக்க வாதம், எதிர்வாதம். ஆன்மிகம் தேடி வாங்கியவர்கள் ஏமாந்திருப்பார்கள். அவர் உட்கார்ந்த நாற்காலியின் பெயர் என்ன தெரியுமா? கீழைச் சமயங்களும் அறவியலும்!

இது பழைய கதை என்று தள்ள முடியாது. 2016 மே மாதம் ஜே கார்ஃபீல்ட், பிரையன் வான் நார்டன் என்ற இரண்டு தத்துவப் பேராசிரியர்கள் நியூயார்க் டைம்ஸில் கேட்டார்கள். ஆங்கிலம் பேசும் நாடுகளின் முதல் 50 தத்துவ முனைவர் படிப்புகளில் 15 சதவீதத்தில்தான் மேற்கு அல்லாத தத்துவம் நடத்த நிரந்தர ஆசிரியர் இருக்கிறார்கள், மாற்ற மனசில்லை என்றால் போர்டிலாவது 'ஐரோப்பிய, அமெரிக்கத் தத்துவத் துறை' என்று எழுதி வையுங்கள் என்று. எழுதியவர்கள் இரண்டு பேரும் இந்துக்கள் கிடையாது. ஒருவர் பௌத்தத் தத்துவ ஆய்வாளர், இன்னொருவர் சீனத் தத்துவம். நம் கலாசாரக் காவலர்கள் அந்த வாரம் என்ன செய்துகொண்டிருந்தார்கள்? கலிபோர்னியாவில் தெற்காசியா என்ற வார்த்தையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள்.

ராதாகிருஷ்ணன் பெயர் வந்ததால் ஒரு விஷயம். சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில் படித்தவர். வேதாந்தத்தில் அறத்துக்கே இடமில்லை என்று பாதிரிமார் சொன்னது மாணவராக இருந்தபோது அவரை உலுக்கியது. வேதாந்தத்தில் அறம் உண்டு என்று நிறுவத்தான் 1908ல் எம்.ஏ. ஆய்வுரை எழுதினார். பெரிய ஆள், மறுக்கவில்லை. ஆனால் பாருங்கள், முதல் புத்தகமே அடுத்தவன் கேள்விக்குப் பதில். இந்தியச் சிந்தனை என்றால் வேதாந்தம், வேதாந்தம் என்றால் அத்வைதம், அத்வைதம் என்றால் ஆன்மிக அனுபவம் என்ற சுருக்கம் மேற்கத்திய வகுப்பறைக்குப் போனதில் ஹெகலுக்கு எவ்வளவு பங்கோ, அந்தக் கேள்வித்தாளுக்குப் பதில் எழுதிய நம் பெரியவர்களுக்கும் அவ்வளவு பங்கு உண்டு. அவன் மதம் என்றான். இவர்கள் ஆமாம், ஆனா ரொம்ப உசந்த மதம் என்றார்கள்.

2014ஆம் வருஷத்தை எடுத்துக்கொண்டால் நம் லட்சணம் முழுசாகத் தெரியும். பிப்ரவரியில் பெங்குவின் இந்தியா, வென்டி டோனிகர் 2009ல் எழுதிய 'தி ஹிந்தூஸ்' புத்தகத்தை வழக்குக்குப் பயந்து திரும்பப் பெற்றுக்கொண்டது. ஒரே வெற்றி ஆரவாரம். அதுவரை அந்தப் புத்தகத்தைக் கேள்விப்படாதவன்கூட பிடிஎஃப் தேட ஆரம்பித்தான். அதே வருஷம் விஷ்வ அட்லூரி, ஜாய்தீப் பாக்சீ இரண்டு பேரும் 'தி நே சயன்ஸ்' என்ற புத்தகத்தை ஆக்ஸ்போர்டு பதிப்பகத்தில் கொண்டுவந்தார்கள். ஜெர்மன் இந்தியவியல் நடுநிலை அறிவியல் என்று சொல்லிக்கொண்டாலும், அதன் முறையே புராட்டஸ்டண்ட் விவிலிய ஆய்விலிருந்து வந்தது, மகாபாரதத்தையும் கீதையையும் துண்டு துண்டாக்கி 'மூல நூல்' தேடியதற்குப் பின்னால் அந்தப் பழைய மதச் சண்டையின் வாசனை இருக்கிறது என்று, மூல ஜெர்மன் நூல்களைப் பக்கம் பக்கமாகப் படித்து எழுதியது. ஜெர்மன் ஆய்வாளர்கள் கோபப்பட்டார்கள், மதிப்புரைகளில் சண்டை நடந்தது. அந்தப் புத்தகத்தின் முடிவுகளில் சிலது மிகை என்றுதான் எனக்கும் படுகிறது. இருந்தாலும் சண்டை போடும் முறை அதுதான். ஒரு புத்தகத்தைக் கூழாக்கச் சொன்னவர்களில் எத்தனை பேர் இந்தப் புத்தகத்தைப் பிரித்தார்கள்?

இதைவிட எனக்குப் பிடித்தது தயா கிருஷ்ணா செய்த காரியம். ஜெய்ப்பூரில் இருந்த தத்துவப் பேராசிரியர். 1983ல் புனேயில் ரெகே முதலிய நண்பர்களோடு சேர்ந்து ஒரு கூட்டம் போட்டார். ஒரு பக்கம் ஆங்கிலத்தில் தத்துவம் படித்த பேராசிரியர்கள். இன்னொரு பக்கம் சமஸ்கிருதம் மட்டுமே தெரிந்த நியாய பண்டிதர்கள். பெர்ட்ரண்ட் ரஸ்ஸலின் வாக்கியப் பொருள் கொள்கையைச் சமஸ்கிருதத்தில் பெயர்த்துக் கொடுத்து, இது பற்றி உங்கள் கருத்து என்ன, எங்கே தப்பு என்று கேட்டார்கள். பண்டிதர்கள் மலைக்கவில்லை. இந்தப் 'ப்ரபோசிஷன்' என்ற சரக்கு எங்களுக்குத் தேவையே இல்லையே, அறிவு என்ற நிகழ்ச்சியை வைத்தே எல்லாத்தையும் சொல்லிடலாமே என்கிற ரீதியில் மடக்கினார்கள். 'சம்வாதம்' என்ற பெயரில் 1991ல் அது புத்தகமாக வந்தது. ஹெகல் போட்ட தீர்ப்புக்கு மேல்முறையீடு என்றால் அதுதான். கோஷம் கிடையாது, வழக்கு கிடையாது. ரஸ்ஸலைச் சபைக்குக் கூப்பிட்டு எதிர் பெஞ்சில் உட்கார வைத்தார்கள்.

சாதிக்கு வருகிறேன். "இவ்வளவு ஜல்லியும் சாதியை மறைக்கத்தானே?" என்று கேட்கப் போகிறவர்களுக்கு: சில பேர் விஷயத்தில் ஆமாம், அதற்குத்தான். சாதி வெள்ளைக்காரன் கண்டுபிடித்தது என்று ஒரு கூட்டம் காலனிய நீக்கத்தின் பெயரால் சொல்லித் திரிகிறது. மனுஸ்மிருதியை ஒரு ஆதாரச் சட்டமாகக் கோர்ட்டுக்குக் கொண்டுபோனது கம்பெனிதான், சந்தேகமில்லை. 1794ல் வில்லியம் ஜோன்ஸ் அதை மொழிபெயர்த்ததும் அந்தத் தேவைக்குத்தான். ஆனால் 1927 டிசம்பர் 25ல் மகாடில் அம்பேத்கர் தலைமையில் அதைக் கொளுத்தியவர்கள் கம்பெனி ரெக்கார்டைப் படித்துவிட்டு வரவில்லை. பொதுக் குளத்தில் தண்ணீர் எடுத்ததற்கு அடி வாங்கிவிட்டு வந்தவர்கள். காலனியத் தன்மை என்ற கோட்பாட்டைக் கொடுத்த பெரு நாட்டு அனிபால் கிஹானோ, யார் எந்த வேலை செய்வது என்பதைப் பிறப்பை வைத்து முடிவு செய்ததைத்தான் காலனிய ஆட்சியின் மையம் என்றார். அவரை மேற்கோள் காட்டிக்கொண்டு சாதி பற்றிப் பேசாதே என்று சொல்வதற்குத் தனித் துணிச்சல் வேண்டும்.

ஆகவே, பாடப்புத்தகத்தில் சாதி இருக்கட்டும். இன்னும் ஒழுங்காக, விவரமாக இருக்கட்டும். சங்கரர் பிரம்மசூத்திர பாஷ்யத்தில் சூத்திரனுக்கு வேதக் கல்விக்கு அதிகாரம் இல்லை என்று எழுதிய பகுதி இருக்கிறது. மாயையைச் சொல்லித் தரும்போது அதையும் சேர்த்துச் சொல்லித் தரட்டும். அரிஸ்டாட்டிலுக்கு அப்படித்தானே செய்கிறார்கள்? சிலர் பிறவியிலேயே அடிமைகள் என்று எழுதியவர் அவர். அதையும் படிக்கிறார்கள், அவர் தர்க்கத்தையும் படிக்கிறார்கள். கிரேக்கம் என்றதும் அடிமைச் சந்தையை மட்டும் காட்டிவிட்டு அடுத்த அத்தியாயத்துக்குப் போவதில்லை. இந்தியா என்றதும் சாதி, கர்மா, மறுபிறப்பு, பசு என்று நாலு பெட்டி போட்டு மூடிவிடுகிறார்களே, அங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. நம்ம ஆட்கள் முதல் பெட்டியை எடு என்கிறார்கள். நான் அஞ்சாவதாக ஒன்றைச் சேர் என்கிறேன்.

அந்த அஞ்சாவது பெட்டியில் பௌத்தனும் ஜைனனும் சார்வாகனும் இல்லாமல் இந்து சிந்தனையைக் காட்டவே முடியாது, ஏனென்றால் நூல்களே ஒருவரை ஒருவர் மறுத்து எழுதப்பட்டவை. பதினாலாம் நூற்றாண்டு சர்வதரிசன சங்கிரகம் சார்வாகத்தில்தான் ஆரம்பிக்கிறது. ஜெயராசி பட்டரின் தத்துவோபப்லவ சிம்மம், எந்தப் பிரமாணமும் தேறாது என்று எல்லாரையும் போட்டுத் தாக்கும் நூல். பாட்டனில் ஒரு ஜைன ஏட்டுத் தொகுப்பிலிருந்து 1926ல் கிடைத்தது. தங்களுக்கு ஆகாத நாத்திகனின் ஏட்டை ஜைனர்கள் எத்தனையோ நூற்றாண்டு காத்து வைத்திருக்கிறார்கள். பெங்குவின் புத்தகத்தைக் கூழாக்கச் சொன்னவர்கள் கவனிக்க.

இதில் தமிழுக்கு இடம் இருக்கிறதா என்று கேட்டால், தாராளமாக. 'ஆறு தரிசனங்கள்' என்று அமெரிக்கப் புத்தகம் போடுகிற பட்டியலில் சைவ சித்தாந்தம் வராது. இத்தனைக்கும் யாழ்ப்பாணம் வட்டுக்கோட்டையில் வேலை செய்த ஹொய்சிங்டன் என்ற அமெரிக்க மிஷனரி, சிவஞான போதத்தை ஆங்கிலத்தில் பெயர்த்து அமெரிக்கக் கீழைத்தேயக் கழகத்தின் இதழில் 1854லேயே போட்டுவிட்டார். நூற்றைம்பது வருஷத்துக்கு மேலாக அவர்கள் அலமாரியிலேயே இருக்கிறது! சிவஞான சித்தியார் பரபக்கத்தில் அருள்நந்தி சிவம் உலகாயதத்தில் ஆரம்பித்து பதினாலு கட்சியை வரிசையாக நிறுத்தி, முதலில் அவரவர் வாதத்தைச் சொல்லவிட்டு அப்புறம் மறுக்கிறார். மணிமேகலை வஞ்சியில் ஒவ்வொரு சமயவாதியிடமும் போய் உன் கொள்கை என்ன என்று கேட்கிறாள். நம் ஊரில் ஒரு பெண் அத்தனை பேரையும் நேர்காணல் எடுத்துவிட்டு, எதுவும் சரிவரவில்லை என்று கிளம்பிப் போகிறாள். பெண்களுக்கு 'வேறு கடமைகள்' என்று திருத்தம் எழுதிக் கொடுத்தவர்கள் இதைக் கேள்விப்பட்டதே இல்லையா?

அமெரிக்காவில் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பும் பதிவர்கள் இதைப் படிக்கிறீர்கள் என்று தெரியும். அடுத்த முறை பாடத்திட்டத்துக்குக் கருத்துக் கேட்கும்போது பழைய பட்டியலில் கையெழுத்துப் போடாதீர்கள். ஒரே ஒரு பக்கம் அனுப்புவோம். குமாரிலரின் கேள்விகள், ஸ்ரீஹர்ஷரின் சோழி, தர்மோத்தரரின் பூச்சிக் கூட்டம், மணிமேகலையின் வஞ்சி. பன்னிரண்டு வயசுப் பிள்ளைக்குப் புரிகிற மாதிரி, கீழே ரெண்டு பயிற்சிக் கேள்வியோடு. தமிழில் முதல் வரைவு நான் எழுதித் தருகிறேன். ஆங்கிலத்தில் பெயர்க்க ஒருவரும், நீலகேசியை உரையோடு படித்தவர் ஒருவரும் கிடைத்தால் நல்லது. அதையும் சேர்க்கலாமா வேண்டாமா என்று எனக்கு இன்னும் முடிவாகவில்லை.